இடது பக்கத்து ஹப் லாக்

வண்டி நின்றால் எனக்கு ஆகாது. சிக்னலில் நின்றாலும் ஆகாது, டீக்கடை முன்னால் நின்றாலும் ஆகாது. ரயில்வே கேட் மூடியிருந்தால் இறங்கிப்போய் தண்டவாளத்தை எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். நான் பார்த்தால் ரயில் சீக்கிரம் வந்துவிடும் என்று எனக்கு ஒரு நினைப்பு. என் வீட்டுக்காரர் சிரிப்பார். "உங்கம்மா உன்னைய ஓடற பஸ்ஸுலதான் பெத்திருக்கோணும் அம்மிணி" என்பார். முப்பது வருடமாக அவருக்கு இதே கேலி. முப்பது வருடமாக எனக்கும் இதே கோபம்.

எங்கள் பிழைப்பும் அப்படித்தான் அமைந்தது. திருச்செங்கோட்டுக்காரர்கள் ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் ஆழ்குழாய்க் கிணறு போடுவது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நாங்கள் கிணறு போடுவதில்லை. போட்ட கிணற்றில் இறக்கிய மோட்டார் எரிந்துபோனால், கேபிள் அறுந்தால், பைப்பில் ஓட்டை விழுந்தால் எங்களைக் கூப்பிடுவார்கள். எங்கள் பிக்கப் வண்டியின் பின்னால் ஓர் இரும்புச் சட்டம் நிற்கும். அதில் கப்பி, கம்பி வடம், வடத்தைச் சுற்றும் வின்ச். எண்ணூறு அடி ஆழத்தில் கிடக்கும் மோட்டாரைக்கூட பைப் பைப்பாகக் கழற்றி மேலே கொண்டுவந்துவிடுவோம். வண்டியும் வின்ச்சும் அவர் பொறுப்பு. பைப் பிடிக்க இரண்டு ஆட்கள் பின்னால் ஏறி வருவார்கள். கரண்டு என் பொறுப்பு. கேபிளுக்கு ஜாயின்ட் போடுவது, ஸ்டார்ட்டர் பெட்டியைச் சரிசெய்வது, மோட்டார் செத்ததா பிழைக்குமா என்று மீட்டர் வைத்துச் சொல்வது எல்லாம் நான். போனும் என்னிடம்தான் இருக்கும்.

அந்தப் போன்தான் என்னை ஆட்டிவைத்தது. மோட்டார் போனவர் யாரும் நாளைக்கு வாங்க என்று சொல்வதில்லை. மாடு தண்ணீருக்குக் கத்துகிறது என்பார். வாழை வாடுகிறது என்பார். கோழிப்பண்ணைக்காரர் என்றால் கேட்கவே வேண்டாம். சித்திரை வெயிலில் ஒரு பகல் தண்ணீர் இல்லையென்றால் கோழி கொத்துக் கொத்தாகச் செத்து விழும், அவர் சொல்வதிலும் தப்பில்லை. ஒருவர் நிலத்தில், எங்கள் பேச்சில் காட்டில், நான் ஜாயின்ட் போட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த காட்டுக்காரர் மூன்று தடவை கூப்பிட்டிருப்பார். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன், பல்லில் இன்சுலேஷன் டேப். இப்படியே என் நடுவயது போயிற்று.

கிணறு இருக்கும் இடத்துக்குப் பெரும்பாலும் பாதை இருக்காது. மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்குக் காட்டின் நடுவில் இருக்கும், இல்லாவிட்டால் சோளத்துக்கு அப்பால் இருக்கும். மழை பெய்த மறுநாள் உழுத காட்டுக்குள், அத்தனை இரும்பையும் ஆளையும் ஏற்றிய வண்டி இறங்கினால் பின்சக்கரம் மட்டும் தள்ளிக் கரையேறாது. முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கவேண்டும். அதற்காகவே ஃபோர் வீல் வண்டி வைத்திருந்தோம்.

அந்தப் பழைய வண்டியில் ஃபோர் வீல் போடுவதற்கு ஒரு முறை உண்டு. வரப்போரம் நிறுத்தி அவர் இறங்குவார். முன்பக்கத்து வலது சக்கரத்துக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்காருவார். சக்கரத்தின் நடுவில் கேஸ் அடுப்புத் திருகுபோல ஒன்று இருக்கும். அதுதான் ஹப் லாக். ஃப்ரீயில் இருப்பதை லாக்குக்குத் திருப்பினால்தான் அந்தச் சக்கரத்துக்கு இன்ஜினின் இழுப்பு போய்ச் சேரும். திருப்பிவிட்டு எழுந்து வண்டிக்கு முன்னால் நடப்பார். நடக்கும்போது பானெட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவார். பிறகு இடது சக்கரம், என் ஜன்னலுக்கு நேர்க் கீழே. அவருடைய உச்சந்தலை மட்டும் எனக்குத் தெரியும். அதையும் திருப்பிவிட்டு மறுபடி சுற்றி வந்து ஏறி, கியருக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டை லிவரை இழுப்பார். இரண்டு பக்கமும் போட்டால்தான் உண்டு. ஒன்றை மட்டும் போட்டால், போடாத பக்கமாக எல்லா இழுப்பும் ஓடிப்போய்விடும். முன்சக்கரம் இரண்டும் சும்மா நிற்கும்.

எல்லாம் சேர்ந்து ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷம் எனக்கு முள்மேல் உட்கார்ந்ததுபோல இருக்கும். "என் பக்கத்து லாக்கை நானே போட்டுடறேனுங்க, நீங்க எதுக்குச் சுத்திக்கிட்டு வாரீங்க?" என்று ஆரம்பத்திலேயே கேட்டேன்.

"வேண்டாம். ஒருத்தர் கையிலதான் இருக்கோணும். ரெண்டு பேரு தொட்டா நீ போட்டியா நான் போட்டனான்னு வந்துரும்" என்றார்.

அது சரியான பேச்சு. எவ்வளவு சரி என்று எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

முதல் தடவை ராசிபுரம் பக்கம் ஒரு குச்சிக்கிழங்குக் காட்டில் வண்டி புதைந்தது. லிவரை இழுத்துத்தான் வண்டியை இறக்கினார். ஆனால் பின்சக்கரம் மட்டும் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு குழி பறித்தது. இறங்கிப் பார்த்தால் இடது பக்கத்து லாக் ஃப்ரீயில் நின்றது. அவரே சிரித்துவிட்டார். நான் விடுவேனா? அன்று முழுக்க, சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடும்போதுகூட, "ரெண்டு பக்கமும் போட்டாச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பின்னால் வரும் ஆட்களும் சிரித்தார்கள்.

இரண்டாவது தடவை சிரிப்பு வரவில்லை. காட்டு வேலை முடிந்து தார் ரோட்டுக்கு வந்தவர் லிவரையும் லாக்கையும் எடுக்காமல் அப்படியே ஓட்டிவந்துவிட்டார். எங்கள் வீட்டு வாசலில் திரும்பும்போது வண்டி முரட்டு மாடு மாதிரி உதறியது, டயர் கீச்சென்று கத்தியது. தார் ரோட்டில் ஃபோர் வீலில் ஓட்டிப் பல்சக்கரத்தைத் தேய்க்கிறவர்களை அவர் எப்படித் திட்டுவார் என்று எனக்குத் தெரியும். "இரும்பு திங்கறவன்" என்பார். அன்று இறங்கி லாக்கைத் திருப்பிவிட்டு, கை கழுவப் போய்விட்டார். வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஆட்டோமேட்டிக் வண்டிப் பேச்சு வந்தது, எங்கள் வாயில் அது ஆட்டோ வண்டி. ஒரு கல்குவாரி மேனேஜர் ஓட்டிக்கொண்டிருந்த பிக்கப் விலைக்கு வந்திருந்தது. அதில் சக்கரத்தில் லாக்கும் இல்லை, குட்டை லிவரும் இல்லை. டேஷ்போர்டில் ஒரு திருகு, அதில் இரண்டு, ஆட்டோ, நான்கு என்று மூன்று நிலை. ஆட்டோவில் வைத்துவிட்டால் நாம் எதையும் நினைத்துக்கொண்டிருக்கவேண்டியதில்லை. பின்சக்கரம் வழுக்குவது தெரிந்ததும் அதுவே முன்சக்கரத்தைச் சேர்த்துக்கொள்ளும், வழுக்கல் நின்றதும் அதுவே விலக்கிவிடும். கியரும் அதுவே மாறும், கிளட்ச் கிடையாது. கேட்டதும் எனக்கு உடனே வேண்டும்போல இருந்தது.

அவர் போய்ப் பார்த்தார், ஓட்டினார், வந்தார். "நல்ல வண்டிதான். நமக்கு ஆகாது" என்றார்.

"ஏனுங்க ஆகாது?"

"வழுக்கினதுக்குப் பொறவு முழிச்சிக்கற வண்டி அது. களிமண்ணுல நம்ம பாரத்தோட ஒரு சுத்து வழுக்குனா அரை அடி உள்ள போயிரும். காட்டுல எறங்கறதுக்கு முன்னாலயே மண்ணைப் பாத்து முடிவு பண்ணிப்போடோணும். அதைய நாமதான் பண்ணோணும், வண்டி பண்ணாது."

"நாம பண்றதை மறந்துட்டா?"

கேட்டிருக்கக் கூடாது. என் வாய் என்றைக்கு எனக்காகக் காத்திருந்தது? அவர் என்னைப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது, ஆனால் என் மனசில் நிற்கவில்லை. சமைக்கும்போதும் அதே நினைப்பு, ஜாயின்ட் போடும்போதும் அதே நினைப்பு. இந்த மனுஷனுக்கு என்ன ஆகிறது?

மூன்றாவது தடவை அவர் மறந்தபோது எனக்கு வேறொன்று பிடிபட்டது. அவர் வலது லாக்கைப் போட்டுவிட்டு முன்னால் நடந்து வந்துகொண்டிருந்தார். நான் ஜன்னலில் தலையை நீட்டி, "பண்ணைக்காரர் மறுக்காவும் கூப்பிடறாருங்க, வெசையா வாங்க" என்றேன். அவர் "இதா வாரேன்" என்று அப்படியே திரும்பிப்போய் ஏறிவிட்டார். வண்டி புதைந்த பிறகு இதை யோசித்தேன். முதல் தடவையும் நான் பேசிக்கொண்டிருந்தேனா? பேசிக்கொண்டுதான் இருந்திருப்பேன். நான் எப்போது பேசாமல் இருந்திருக்கிறேன்?

சொன்னால் நம்பமாட்டீர்கள், அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தப்பு என்னுடையது என்றால் அவருக்கு ஒன்றும் இல்லை. காலில் சக்கரம் கட்டிக்கொண்ட ஒரு பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து நச்சரித்தால் எந்த ஆளும் மறப்பான். ஆகவே அடுத்த மழையில் வாயை மூடிக்கொண்டேன். போனைச் சத்தமில்லாமல் வைத்து முந்தானைக்குள் போட்டுக்கொண்டேன். அவர் வலது பக்கம் போட்டார், பானெட்டைத் தட்டினார், இடது பக்கம் போட்டார். அதற்கடுத்த காட்டிலும் அப்படியே. எனக்குப் பாதி உயிர் திரும்பியது.

அதற்கும் அடுத்த காடு. நான் பேசவில்லை. பின்னால் இருந்த ஆட்களும் பேசவில்லை. ஒரு கொக்குகூடக் கத்தவில்லை. அவர் வலது பக்கம் போட்டுவிட்டு எழுந்தார். பானெட்டைத் தட்டினார். தட்டிய கையை எடுக்காமல் அப்படியே நின்று காட்டைப் பார்த்தார். பிறகு வந்த வழியே திரும்பி ஏறி உட்கார்ந்தார்.

கதவைத் திறந்து இறங்கினேன்.

"எதுக்கு எறங்கற?"

"கால் மரத்துப்போச்சுங்க" என்றேன். சேலையை உதறுவதுபோலக் குனிந்து அந்த லாக்கை நானே திருப்பினேன். மறுபடி ஏறி உட்கார்ந்தேன். வண்டி காட்டுக்குள் இறங்கிக் கரை ஏறியது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

அன்றிலிருந்து அது என் வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு காட்டிலும் கால் மரத்துப்போகும். அவர் வலது பக்கம் ஏறி உட்காருவதற்குள் நான் இடது பக்கம் இறங்கிப் பார்த்துவிடுவேன். லாக்கில் இருந்தால் விட்டுவிடுவேன், ஃப்ரீயில் இருந்தால் திருப்பிவிடுவேன். "உனக்குச் சர்க்கரை இருக்குதான்னு பாத்துரோணும் அம்மிணி, கால் இப்படி மரத்துப்போறது நல்லதுக்கில்ல" என்று அவர் எனக்காகக் கவலைப்பட்டார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஜலகண்டாபுரம் பக்கத்தில் ஒரு தறிக்காரர். தறியோடு இரண்டு ஏக்கர் காடும் வைத்திருந்தார். அவர் கிணற்றில் மோட்டார் போய் இரண்டு நாள். முந்தின நாள் நல்ல மழை. நாங்கள் போனபோது காட்டு முனையிலேயே அவரும் அக்கம்பக்கத்து ஆட்களுமாக ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அதற்குள் போனில் மேட்டூர்க்காரர் ஒருவர் இரண்டாவது தடவையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை, ஆனால் கை பரபரத்தது. என் வீட்டுக்காரர் இறங்கினார். நான் குனிந்து போனைப் பார்த்தேன். தட்டும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தபோது அவர் வலது பக்கம் வந்துவிட்டிருந்தார்.

இடது பக்கம் போனாரா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. இறங்கினேன். லாக்கின் மேல் சேறு அப்பியிருந்தது, எழுத்து தெரியவில்லை. துடைத்துப் பார்க்கவேண்டும். துடைக்க எனக்கு எங்கே பொறுமை? விரலால் பிடித்துத் திருகினேன். திருகியதும் திரும்பியது. திரும்பியதே எனக்குப் போதுமாக இருந்தது. எந்தப் பக்கம் திரும்பியது என்று பார்க்காமல் ஏறிவிட்டேன்.

காட்டின் நடுவில் வண்டி அச்சு வரைக்கும் இறங்கியது. பின்சக்கரம் சுற்றச் சுற்ற இன்னும் உள்ளே போனது. ஆட்கள் பலகை போட்டுப் பார்த்தார்கள், கல்லைப் போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் டிராக்டர் வரவேண்டியதாயிற்று. அதற்குக் காத்திருந்தபோது அவர் இறங்கிச் சேற்றில் முழங்கால் வரைக்கும் நடந்துபோய் இடது சக்கரத்தைப் பார்த்தார். கையால் சேற்றைத் துடைத்தார். ஃப்ரீ என்று இருந்தது.

அவர் லாக் போட்டிருந்தார். நான்தான் அதைப் போய் எடுத்துவிட்டேன். அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"லாக் போடாம காட்டுக்குள்ள எறக்கிப்போட்டீங்களே. இதுகூடப் பாக்க மாட்டீங்களா?" என்றார் தறிக்காரர். இரண்டு நாள் தண்ணீர் இல்லாத மனுஷன், அவர் கோபம் அவருக்கு. பின்னால் இருந்த எங்கள் ஆட்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

என் வீட்டுக்காரர் என்னைத்தான் பார்த்தார். "போட்டேனே அம்மிணி" என்றார் மெதுவாக. "தட்டுனேன், உக்காந்தேன், திருப்புனேன். கைக்கு நல்லா நெனப்பு இருக்குது. ஆனா இங்க ஃப்ரீயிலயில்ல நிக்குது."

நான் சொல்லியிருக்கவேண்டும். ஏழெட்டுப் பேர் முன்னால் சொல்லவேண்டாம், வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். முதலில் வெட்கத்தில் சொல்லவில்லை. பிறகு சொல்லாததற்கு வேறொரு காரணம் வந்தது, அதுதான் கேவலமான காரணம். மறதிக்கு ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று எத்தனையோ நாளாக மன்றாடிக்கொண்டிருந்தேன், அவர் அசையவில்லை. இப்போது அசைவார் என்று தெரிந்தது.

டிராக்டர் வண்டியை வெளியே இழுத்துப் போட்டதும் எங்கள் ஆட்களில் மூத்தவரிடம் சாவியைக் கொடுத்தார். "நீ ஓட்டு சாமி" என்றார். அந்த ஆளுக்கு நாற்பது வயது, சாவி தன் கைக்கு வந்ததில் அவரே திடுக்கிட்டுப்போனார். வீட்டுக்கு வந்ததும் இவர் அந்தச் சாவியை வாங்கி என்னிடம் நீட்டினார்.

"இனி நான் ஓட்டல. உன்ற ஆட்டோ வண்டியவே வாங்கிப்போடு. நீயே ஓட்டிக்க."

நான் சாவியை வாங்கிக்கொண்டேன்.

சேலத்தில் டாக்டர் மூன்று சொற்களைச் சொல்லி நினைவு வைத்துக்கொள்ளச் சொன்னார். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். இவர் பங்குனி, மாசி, தை என்று ஆரம்பித்துத் தடங்கலில்லாமல் சித்திரைக்கு வந்து சேர்ந்தார். டாக்டரே சிரித்துவிட்டார். ஆனால் அந்த மூன்று சொற்களில் ஒன்றைக்கூட இவரால் திரும்பச் சொல்ல முடியவில்லை. "ஆரம்பந்தான். மருந்து சாப்பிட்டா மெதுவாத்தான் போகும். வண்டி ஓட்டறதை மட்டும் விட்டுடுங்க" என்றார் டாக்டர்.

"அதைய ஏற்கனவே உட்டாச்சுங்க" என்றார் இவர்.

திரும்பும்போது மெயின் ரோட்டில் நெரிசல். எங்கள் ஆள்தான் ஓட்டினார். இவர் நடுவில் உட்கார்ந்துகொண்டு அம்மாபேட்டைச் சந்துகளுக்குள் இடது திரும்பு, வலது திரும்பு, அந்தச் சாயப்பட்டறைக்கு முன்னால ஒடிச்சுத் திருப்பு என்று சொல்லிச் சொல்லி, ஒரு சந்துகூடத் தப்பாமல் எங்களை வெளியே கொண்டுவந்து விட்டார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மற்ற நாள்களில் அவர் மறந்தது உண்மை. டாக்டர் சொன்னதும் உண்மை. ஆனால் அந்த ஜலகண்டாபுரத்துக் காட்டில் மட்டும் அவர் மறக்கவில்லை. அவர் சாவியைக் கொடுத்ததோ அந்தக் காட்டுக்காக.

ஆட்டோ வண்டி வந்தது. இரும்புச் சட்டத்தைப் பழைய வண்டியிலிருந்து கழற்றி இதில் ஏற்றினோம். ஐம்பத்து நான்கு வயதில் நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். கிளட்ச் இல்லாததால் ரோட்டில் ஓட்டுவது வெகு சீக்கிரம் வந்துவிட்டது. காடுதான் வரவில்லை. திருகை ஆட்டோவில் வைத்து இறங்குவேன். பின்சக்கரம் கொஞ்சம் வழுக்கியதும் பயந்து காலை எடுத்துவிடுவேன். முன்சக்கரம் சேர வந்த நேரத்தில் நான் காலை எடுத்ததும் அது விலகிவிடும். மறுபடி மிதிப்பேன், மறுபடி வழுக்கும், மறுபடி எடுப்பேன். இப்படியே குழி பறித்து உட்காருவேன். வண்டியைத் திட்டுவேன்.

இடது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தவர் மூன்றாம் நாள் சொன்னார். "காலை எடுக்காத. அது முழிச்சிக்க ஒரு நொடி ஆகுமுன்னு அன்னைக்கே சொன்னனில்ல. அந்த நொடியக் குடு."

"வழுக்குதுங்களே."

"வழுக்கட்டும். வழுக்குனாத்தான் அதுக்குத் தெரியும். ஒரு நொடி பொறுத்துக்கிறது உனக்கு அத்தனை பாடா அம்மிணி?"

அத்தனை பாடுதான். இன்னும் பாதி நேரம் என் கால் எனக்கு முன்னால் எழுந்துகொள்கிறது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், எனக்குக் காலும் மட்டு. ரொம்ப மோசமான களிமண் என்றால் அவர் முன்கூட்டியே பார்த்து, "இதுக்கு ஆட்டோ ஆகாது, நாலுல வெய்யி" என்பார். அவர் சொன்னது ஒரு நாளும் தப்பியதில்லை. காலையில் மருந்து போட்டோமா என்று அவருக்குத் தெரியாது. மண் தெரியும்.

இந்த ஐப்பசியில் ராசிபுரம் பக்கம் ஒரு கோழிப்பண்ணை. மூன்று நாள் மழைக்குப் பிறகு காடு ஊறிக் கிடந்தது. பண்ணைக்காரர் தூரத்தில் ஷெட்டுக்கு முன்னால் காதில் போனோடு நின்று ஒரு கையை ஆட்டிக்கொண்டிருந்தார். போனும் அடித்தது, அதுவும் அவர்தான். வரப்போரம் வண்டியை நிறுத்தித் திருகைத் திருப்பக் கையை நீட்டினேன். அதற்குள் என் வீட்டுக்காரர் கதவைத் திறந்து இறங்கிவிட்டார்.

எதற்கு இறங்குகிறார் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் இடது சக்கரத்துக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்வது தெரிந்தது. அந்தச் சக்கரத்தில் லாக் கிடையாது, நடுவில் ஒரு பிளாஸ்டிக் மூடி மட்டும்தான். அதைக் கையால் பிடித்துத் திருப்புவதுபோலத் திருப்பினார். எழுந்தார். வண்டிக்கு முன்னால் நடந்து வந்தார், பானெட்டில் ஒரு தட்டு. பிறகு வலது சக்கரம், என் ஜன்னலுக்குக் கீழே. அவருடைய உச்சந்தலை தெரிந்தது. முன்பைவிட முடி குறைந்திருந்தது.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் எடுக்கவில்லை. பின்னால் இருந்த ஆள் என்னமோ சொல்ல வந்தார், கையைக் காட்டி நிறுத்தினேன். இதற்கு மேல் தள்ளிப்போட்டால் சொல்ல முடியாது என்று தோன்றியது.

"ஏனுங்க."

"ம்."

"ஜலகண்டாபுரத்துக் காட்டுல வண்டி மாட்டுச்சே, அன்னைக்கு நீங்க ரெண்டு லாக்கும் போட்டிருந்தீங்க. நாந்தான் பொறவு எறங்கி எடது பக்கத்தைத் திருப்பிப்போட்டேன். உங்ககிட்டச் சொல்லாம விட்டுட்டனுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். எனக்காக நிஜமாகவே யோசித்தார்.

"ஜலகண்டாபுரத்துக்கு நாம எப்பப் போனோம்?"

அடித்துக்கொண்டிருந்த போனை நான் நிறுத்தினேன்.

"ரெண்டும் போட்டிருப்பேன் அம்மிணி. நான் என்னைக்கு ஒரு பக்கம் மட்டும் போட்டுட்டு வந்திருக்கேன்?" என்றார். சுற்றிப்போய் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். "ஆச்சு. இனி போ."

திருகை நான்கில் வைக்க மறந்துவிட்டேன், அது ஆட்டோவிலேயே இருந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தேன். வரப்பைத் தாண்டியதும் பின்சக்கரம் வழுக்கியது. நான் காலை எடுக்கவில்லை.